பெரியவருக்கு வைத்த பொட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். கற்பூரத்தை மட்டும் சத்தியம் கேட்பவர் வாங்கி வர வேண்டும். ஓர் எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்தது உண்டு. முழுவதும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் குறைத்தது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் பெரிய கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால், ராஜாமணியின் பிரவுசிங் சென்டர். சென்டர் என்று போர்டு சொல்லும். உள்ளே இருந்தது ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரே ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் கங்கம்மாளின் டிபன் வண்டி. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் ஒரு கையில் கங்கம்மாளின் இட்லித் தட்டோடு ராஜாமணி கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். சட்னி சொட்டினால் ராஜாமணி திட்டுவார். அவர் வடக்குப்பட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயது. கம்ப்யூட்டரை யாரிடமும் போய்க் கற்றவர் அல்ல. எதை அமுக்கினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத் தேறியவர்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் காலி செய்துகொண்டிருந்த ஓர் ஆபீஸில் வாங்கினார். அப்போதே அது வயதானது. ரோடெல்லாம் வெட்டிப் போட்டு, காற்றைவிடப் புழுதி அதிகமாக வீசிய காலம். புழுதி படக் கூடாது என்று சி.பி.யூ.வை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, தலைக்கு ஒரு துண்டும் போர்த்தி, ஷேர் ஆட்டோவில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ஒரகடம் நெருங்கும்போது டிரைவர் திரும்பிப் பார்த்து, பெரியவர் எங்கே இறங்கணும் என்று கேட்டான். இங்கேதான் என்றார் ராஜாமணி. அன்றிலிருந்து அதற்குப் பெரியவர் என்றே பெயர். அது இது என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர் எழுந்துட்டாரா, பெரியவர் இன்னிக்குக் கொஞ்சம் மந்தமா கீறாரே, என்றுதான் பேச்சு.

பெரியவரின் குணங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, உடம்பு சூடு. மார்கழி மாதத்தில் கங்கம்மாளுக்கு மாவு புளிக்காது. அவள் மாவுக் குண்டானைக் கொண்டுவந்து பெரியவர் தலையில் வைப்பாள். ஒருவர் ஒரு பயோடேட்டா அடித்து முடிப்பதற்குள் மாவு பொங்கி வழியும். ஒரு வருஷம் கங்கம்மாளின் கோழி பெரியவரின் பின்பக்கம், காற்று வெளியே வரும் இடத்தில், முட்டையிட்டுவிட்டு மேயப் போய்விட்டது. பெரியவர் ஆறு குஞ்சு பொரித்தார். அதில் ஒன்று கடைசிவரைக்கும் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் கேட்டால்தான் தூங்கும்.

இரண்டாவது, பொய் ஆகாது. தாவீது என்று ஒருவன், நாங்குநேரிப் பக்கத்துப் பையன், வேலை தேடி வந்த புதிதில் பயோடேட்டா அடிக்க வந்தான். மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு ஐந்து வருஷ அனுபவம் என்று போடச் சொன்னான். பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். மவுஸை எவ்வளவு இழுத்தாலும் அம்பு அசையவில்லை. நான்கு வருஷம் என்றார்கள், இரண்டு என்றார்கள், ஒன்று என்றார்கள். மூன்று மாதம் என்று அடித்ததும் பெரியவர் கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். இவ்வளவு நேர்மையான பயோடேட்டாவை நான் கண்டதில்லை என்று அந்த எதிர் கம்பெனியில் தாவீதைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அவன் அங்கே லைன் சூப்பர்வைசர்.

மூன்றாவது, ஞாபகம். தெற்கிலிருந்து வந்து வாடகை ரூமில் எட்டுப் பேரும் பத்துப் பேருமாகத் தங்கியிருந்த பையன்களுக்கு ஈ-மெயில், சாட்டிங் எல்லாவற்றுக்கும் ராஜாமணிதான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். பாஸ்வேர்டு ஒரே ஒரு முறை போட்டால் போதும், பிறகு பெரியவர் தானாகவே போட்டுக்கொள்வார். ஆகவே ஒருவரும் தங்கள் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது மறந்துபோய்விட்டதே என்று கவலைப்பட்டால், பெரியவருக்குத் தெரியும், நீ போய் டீ குடி என்பார் ராஜாமணி.

நான்காவது குணம்தான் பெரிது. கரண்ட் போனாலும் பெரியவர் நிற்கமாட்டார். அந்த வருஷங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுக்க மிக்ஸி நின்று, பேன் நின்று, கங்கம்மாள் பனையோலை விசிறியை எடுத்துவிடுவாள். ராஜாமணி கடையில் மட்டும் பெரியவர் முனகிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு மோடமும் அணையாது, ஜெராக்ஸ் மெஷினும் நிற்காது. யு.பி.எஸ். வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்ல, பழகிப்போச்சி அவருக்கு என்பார் ராஜாமணி. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. நன்றியோடு உட்கார்ந்து சாட்டிங் செய்வார்கள்.

இப்படிப்பட்ட பெரியவருக்குத்தான் 2012 ஆயுத பூஜையில் கண்டம் வந்தது.

அதற்கு முன் ஆறுமுகநயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். எதிர் கம்பெனியில் தாவீதின் லைனில் ஆபரேட்டர். அவன் மனைவி பூமாரிக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கம்பெனியில் புது மாடல் ஆரம்பிக்கும் நேரம். லைன் நிற்கக் கூடாது, ஒருவருக்கும் லீவு கிடையாது என்று மேலே இருந்து உத்தரவு. தாவீது நல்லவன்தான், ஆனால் லீவு கொடுக்கும் அதிகாரம் அவன் கையில் இல்லை. ஆகவே அப்பன் இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெயர் வைக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். பூமாரியின் அம்மா தன் மாமியார் பெயரை வைக்க வேண்டும் என்றாள். ஆறுமுகநயினாரின் அம்மா தன் தாய் பெயரை வைக்காவிட்டால் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். இரண்டு சம்பந்திகளும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு முதுகைக் காட்டினார்கள். தப்பிக்க வழி தெரியாமல் ஆறுமுகநயினார் போனில் ஒரு வார்த்தை விட்டுவிட்டான்: பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு, அந்த முகத்துக்கு எந்தப் பெயர் வருகிறதோ அதை நானே காதில் சொல்வேன். அதுவரை யாரும் எதுவும் கூப்பிடக் கூடாது. இரண்டு பேரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஏனென்றால் பிள்ளை தன் பக்கத்துச் சாயல் என்று இரண்டு பேருமே நம்பினார்கள்.

முகம் பார்க்கப் பெரியவர் இருந்தார். சங்கரன்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் கேமரா வைத்திருந்தார்கள். பிள்ளையை அங்கே தூக்கி வருவது, இங்கே பெரியவர் முன்னால் அப்பன் உட்கார்வது, ஹெட்போனைப் பிள்ளையின் காதில் வைப்பது, மூன்று முறை பெயரைச் சொல்வது என்று ஏற்பாடு. சங்கரன்கோவில் ஜோசியர் கெட்டிக்காரர். பஞ்சாங்கத்தையும் மின்வெட்டு அட்டவணையையும் சேர்த்து வைத்துக்கொண்டு நேரம் குறித்தார். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிகிறது. பன்னிரண்டுக்கே அங்கே கரண்ட் வருகிறது. பன்னிரண்டு பத்துக்கு இங்கே சாப்பாட்டு பெல் அடிக்கிறது. அரை மணி நேரம். ஒரகடத்தில் அந்த நேரம் மின்வெட்டு என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெரியவர்தான் இருக்கிறாரே. அந்த அரை மணி நேரத்துக்குக் கேட்டைத் திறந்துவிடத் தாவீதும் ஒத்துக்கொண்டான். வேறு எங்கே போவதென்றாலும் விட்டிருக்கமாட்டான். பெரியவரிடம் போகிறேன் என்றதும் தலையாட்டினான்.

இனி ஆயுத பூஜை. ராஜாமணி ஒவ்வொரு வருஷமும் பெரியவருக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். துடைத்து, நெற்றிப் பக்கம் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார். அன்றும் எல்லாம் முடிந்து கற்பூரம் காட்டப் போனார். கங்கம்மாள் வந்து நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா இது, சட்டைக்குப் பொட்டு வெச்சிக்கினு கீற?"

"எது சட்டை?"

"இந்தத் தகர டப்பா சட்டை தான? உள்ள குந்திக்கினு வேலை செய்யறது வேற தான? எதிர்த்த கம்பெனில பாரு, மோட்டாரு மூடியெல்லாம் அவுத்து உள்ளாற வெக்கிறாங்கோ."

ராஜாமணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆறு வருஷமாகச் சட்டைக்கா பூஜை செய்தோம் என்று நொந்துபோய், ஸ்குரூ டிரைவரை எடுத்து முதல் தடவையாகப் பெரியவரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே புழுதி படிந்து, ஒயர்களுக்கு நடுவே, ஒரு சிறிய செங்கல் அளவில் பளபளவென்று ஒன்று இருந்தது. எல்லாப் பாஸ்வேர்டும், பையன்களுக்கு எடுத்த எல்லாப் பாஸ்போர்ட் போட்டோவும், எல்லா பயோடேட்டாவும் இருக்கிற ஹார்டு டிஸ்க் அதுதான் என்று அவருக்குத் தெரியும். அதன் முகத்தில் ஒரு சின்ன ஓட்டை. பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. செய்தவன் தன் பெருமையை எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த ஓட்டை! இங்கேதான் பொட்டு வைக்க வேண்டும் என்று அளவெடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. முகம் முழுக்க மூன்று விரலால் சந்தனம் பூசி, அந்த ஓட்டையின்மேல் கெட்டியாக ஒரு உருண்டைச் சந்தனத்தை அழுத்தி, அதன் நடுவே குங்குமம் வைத்தார். கங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். லட்சணமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ராஜாமணி பெரியவரை எழுப்பினார். டக் என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். பிறகு ஸ்கிரீன் கறுப்பாக நின்றது. அணைத்து எழுப்பினார். டக். தட்டினார், தடவினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வண்டியிலிருந்து கங்கம்மாள், இன்னாய்யா பல்லி சத்தம் கேக்குது, சகுனமா, என்று கேட்டாள்.

வியாழக்கிழமை தண்டலத்திலிருந்து ரகுபதி வந்தான். அங்கே காலேஜ் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன், தொழில் தெரிந்த பையன். ஸ்குரூ டிரைவரின் கூர்முனையை டிஸ்க்கின்மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டான். பிறகு எழுந்து செருப்பைத் தேடினான். ஹார்டு டிஸ்க் போயிடுச்சி, புதுசு போட்டுக்கலாம், ஆனா உள்ள இருந்ததெல்லாம் வராது என்றான்.

அப்போது ஷிப்டுக்குப் போகிற வழியில் ஆறுமுகநயினார் வந்து நின்றான். நாளைக்கு எல்லாம் சரிதானே என்று கேட்கத்தான் வந்தான். மேசைமேல் பெரியவர் வயிறு திறந்து கிடந்ததைப் பார்த்தான். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நான் மொகத்தப் பாக்காம பேரு வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே. ரெண்டு கெழவியும் குளிச்சிட்டுக் காத்துக்கிட்டுல்லா இருப்பாவ."

வேறு கம்ப்யூட்டர் கொண்டுவரக் கூடாதா என்று கேட்பீர்கள். ராஜாமணியும் கேட்டார். கொண்டுவரலாம், ஆனால் ஆறுமுகநயினாரின் பாஸ்வேர்டு பெரியவரைத் தவிர யாருக்கும் தெரியாது. புதுக் கணக்கு ஆரம்பித்துப் போனில் சொல்லிவிடலாமே என்பீர்கள். ஊரில் மின்வெட்டு. பூமாரியின் போன், மாமியார் போன், பக்கத்து வீட்டுப் போன் எதிலும் சார்ஜ் இல்லை. ஆறுமுகநயினார் முப்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டான். நாளைக் காலையில் அவர்கள் பாட்டுக்கு வேனில் ஏறிவிடுவார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் பெரிய சென்டர் இருக்கிறதே என்றால், அரை மணி நேரத்தில் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்ப முடியாது. எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நடுவில் பெரியவர்தான் படுத்துக் கிடந்தார்.

ரகுபதிக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒன்று செய்யலாம், ஐஸில் வைத்தால் சில டிஸ்க் ஒரு தரம் எழும்பும் என்றான். கம்பெனி கேட்டில் ஐஸ் விற்கிறவரிடம் கேட்டு, பெட்டியில் சேமியா ஐஸுக்கும் பால் ஐஸுக்கும் நடுவில் பெரியவரின் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார்கள். சந்தனத்தைத் துடைத்துவிட்டு வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பூஜையில் சாமிக்கு வைத்ததை அந்த வாரம் முடியாமல் அழிப்பார்களா என்று மூன்று பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். ரகுபதியும் கையை எடுத்துக்கொண்டான். அன்று சாயந்திரம் வரை அந்தப் பெட்டியில் ஐஸ் உருகவே இல்லை. பெரியவர் தன் சூட்டை அடக்கிக்கொண்டிருந்தார் என்று ஐஸ்காரர் இன்றும் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரகுபதி டிஸ்க்கை வெளியே எடுத்தான். கவருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. சந்தனம் ஊறி, தோல் உரிகிற மாதிரி பட்டையாகக் கழன்றுவந்தது. கீழே இருந்த பொடி எழுத்து தெரிந்தது. ரகுபதி அதை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். பிறகு ராஜாமணியைப் பார்த்தான்.

"இங்க பொட்டு வெச்சது யாரு?"

"நான் தான். இன்னாத்துக்கு?"

"இந்த ஓட்டைய மூடாதேன்னு எழுதி வெச்சிருக்கான். இது வழியாத்தான் மூச்சு விடும்."

ராஜாமணி தன் வலது கை மோதிர விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"மூக்க அடச்சி வெச்சிட்டு மூணு நாளா, மூச்சு வர்ல மூச்சு வர்லன்னு அயுதுகினு கீறான் பாரு இவன்."

சட்டைக்குப் பொட்டு என்று ஆரம்பித்து வைத்தது யார் என்று ராஜாமணி கேட்கவில்லை.

ரகுபதி ஓர் ஊசியால் அந்த உருண்டையை நெம்பினான். பொட்டு கழன்றது. பெரியவர் மூச்சு இழுத்தார். அந்த இழுப்பில் சுவரில் தொங்கிய காலண்டர் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குப் போனது. மேசைமேல் இருந்த விபூதி, பொரி, ஒரு சாமந்தி இதழ் எல்லாம் அந்த ஓட்டையை நோக்கி நகர்ந்தன. ரகுபதி கையால் மறைத்தான். ஒயரை மாட்டினான். டக் இல்லை. மெல்லிய ஒரு முனகல். ஆனால் அவன் முகம் தெளியவில்லை. சந்தனம் உள்ளே போயிருக்கிறது, சுற்றச் சுற்றத் தேய்க்கும், அரை மணி நேரம் தாங்கினால் அதிகம் என்றான். தான் கொண்டுவந்திருந்த புது டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். இப்போதே ஆரம்பித்தால் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம். மாற்றும்போது வேறு எதையும் ஓட விடக் கூடாது. சாட்டிங் செய்தால் சாட்டிங்கோடு முடிந்துவிடும்.

ராஜாமணியின் கடை அந்தச் சின்னச் செங்கலுக்குள் இருந்தது. ஆறு வருஷத்து முகங்கள். அண்ணே, போன வருஷம் எடுத்த போட்டோவையே நாலு காப்பி போடு என்று வந்து நிற்கும் பையன்கள். மாதம் ஒரு வரி சேர்த்துக்கொண்டு போகிற பயோடேட்டாக்கள். ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லோருடைய பாஸ்வேர்டும். அவை போய்விட்டால் மறுநாள் காலையில் அவரிடம் இருக்கப்போவது ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு ஸ்டூலும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெல் அடித்தது. கேட்டின் சின்னக் கதவு திறந்தது. நீலச் சட்டை, சேஃப்டி ஷூ, ஆறுமுகநயினார் ஓடிவந்தான். வருகிற லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் தாவீது. ஆறுமுகநயினார் வாசலில் வந்து நின்று, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராஜாமணியின் முகத்தை மட்டும் பார்த்தான்.

ராஜாமணி எழுந்து ஸ்டூலைத் தள்ளி வைத்தார்.

"குந்து தம்பி. கொயந்தய பாரு."

"ஐயா, உங்க டேட்டா?" என்றான் ரகுபதி.

"அவரு இத்தினி வருசமா என்னியக் கேட்டா செஞ்சாரு? இன்னிக்கி மட்டும் நான் இன்னாத்துக்குக் கணக்கு கேக்கணும்? அவரு செய்யறத செய்யட்டும், உடு."

பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் பெரியவர் தானாகவே நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார். அதே நேரம் தெருவில் மிக்ஸி நின்றது, டீக்கடை ரேடியோ நின்றது. கரண்ட்டு பூட்ச்சி என்று கங்கம்மாள் வழக்கம்போல் அறிவித்தாள். பெரியவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஸ்கிரீனைத்தான் பார்த்தார்கள். அதில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. முதலில் ஒரு புடவை முந்தானை வந்தது. பிறகு பூமாரியின் பாதி முகம். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள், ஒருவரை ஒருவர் முழங்கையால் தள்ளிக்கொண்டு. பிறகு பூமாரி ஒரு துணிச்சுருளைக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆறுமுகநயினார் மூக்கு ஸ்கிரீனில் படும் அளவுக்கு நெருங்கினான். ராஜாமணி பின்னால் நின்று அவன் தோளில் கையை வைத்தார். அப்போது பெரியவரிடமிருந்து சந்தன மணம் கிளம்பியது. உள்ளே டிஸ்க் சுற்றச் சுற்ற, சந்தனக் கல்லில் அரைக்கிற மாதிரி, கடை முழுக்க மணந்தது. எதிரே கேட்டில் நின்ற செக்யூரிட்டி கோயில் வாசல் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். அந்த மணம் அந்த முனையிலும் வந்ததென்று பூமாரி பிற்பாடு சொன்னாள். பிள்ளை அதை முகர்ந்துதான் கண்ணைத் திறந்தது என்றாள்.

கண்ணைத் திறந்த பிள்ளை பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"சொல்லு தம்பி, நேரம் ஆவுது," என்றார் ராஜாமணி.

பூமாரி ஹெட்போனைப் பிள்ளையின் காதருகே கொண்டுபோனாள். இரண்டு கிழவிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் மைக்கைக் கையில் எடுத்தான். எந்தப் பெயர் வரும் என்று அவனுக்கே தெரியாது.

"கவியா," என்றான். "கவியா. கவியா."

அந்தப் பெயர் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்றும் அவன், மொகத்துல இருந்துச்சு என்றுதான் சொல்கிறான். அந்த முனையில் இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில் ஆறுமுகநயினாரைத் திட்ட ஆரம்பித்தார்கள். திட்டி முடித்தபோது ஒருத்தி கையை மற்றவள் பிடித்திருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அழுதான். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை அவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாவீது மணி பார்க்கவில்லை.

பெல் அடித்தது. அந்த நொடிவரை பெரியவர் தாங்கினார். பெல் சத்தம் ஓய்ந்ததும் உள்ளே இருந்த முனகல் மெல்ல இறங்கி, ஆள் தூக்கத்தில் விழுகிற மாதிரி, நின்றது. ஆனால் படம் போகவில்லை. பிள்ளை இரண்டாவது கொட்டாவியில் வாயைத் திறந்தபடி ஸ்கிரீனிலேயே நின்றது. ரகுபதி ஒயரைக் கழற்றிப் பார்த்தான். அப்போதும் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகும்வரை இருந்தது.

அன்று சாயந்திரம் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து அந்தக் கடைக்கு முன்னால் நின்றன. பையன்கள் இறங்கினார்கள். ஒரகடத்தில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு போய்விட்டது. ஒருவன்கூடச் சண்டைக்கு வரவில்லை. ஒருவன் வாழைப்பழம் கொண்டுவந்தான். ஒருவன் ஊரிலிருந்து வந்த முறுக்கு. பெரியவரைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாரு, என் தங்கச்சிக் கல்யாணப் பத்திரிகை அடிச்சாரு, எங்கம்மா முகத்தைக் காட்டினாரு, என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தாவீது ஒரு ரோஜா மாலை வாங்கி வந்தான். கங்கம்மாள் அன்று கொடுத்த இட்லிக்குக் காசு கேட்டுக் கை நீட்டவில்லை. பெரியவர் பொரித்த கோழிகளில் மிச்சமிருந்த ஒன்று வந்து பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு ராஜாமணி டிஸ்க்கைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சாமிப் படத் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். பொட்டு வைக்கவில்லை. அந்தச் சின்ன ஓட்டை ஜன்னல் பக்கம் பார்க்கும்படி, காற்று வருகிற மாதிரி திருப்பி வைத்தார். ரொம்ப நன்றிங்க என்று சொல்ல வாயெடுத்தார். அது வேற்றாளிடம் சொல்கிற மாதிரி இருந்ததால், காலைல பாக்கலாம் என்று வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

ஆறுமுகநயினார் பொங்கலுக்கு லீவு வாங்கிப் போய்க் குடும்பத்தைக் கூட்டிவந்தான். கவியா நடக்கப் பழகியது அந்தக் கடையில்தான். சாமித் தட்டைப் பார்த்தால் போதும், கொட்டாவி விடும். போட்டோவுக்கு வருகிற பையன்கள் புதிதாக முகம் காட்டினார்கள். ஆறு வருஷத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் சதை போட்டிருந்ததால் புதுப் போட்டோவே நன்றாக இருக்கிறது என்றார்கள். மறு வருஷ ஆயுத பூஜைக்கு ராஜாமணி புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். நல்ல வேகம். ஆனால் கரண்ட் போனால் அந்த நொடியே படுத்துவிடும். ராஜாமணி அதைக் கோபித்துக்கொள்வதில்லை. எல்லோரும் பெரியவர் ஆகிவிட முடியுமா என்பார்.

ராஜாமணியின் கடைக்கு முதன்முதலாக மின் இணைப்பு கொடுக்கப்பட்டது 2013 செப்டம்பரில்.